கயிறு பிடிக்கிறவன்

எனக்கு எதையும் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாது. திருகாணி கண்ணில் பட்டால் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏஜென்சி அலுவலகத்தில் கன்டெய்னர்களுக்கு ஆவணம் தயாரிப்பது பிழைப்பு. மிச்ச நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுவதும் போர்டுகளில் வயர் பற்றவைப்பதும்தான். இதனால் உலகத்துக்கு ஒரு நன்மையும் விளைந்ததில்லை. தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நிற்க ஒரு கருவி செய்தேன். மோட்டார் நிற்கவில்லை, மாடியெல்லாம் தண்ணீர். டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே ஆடுகள் ரோட்டைக் கடக்கும் விளையாட்டு ஒன்று எழுதினேன். என் மனைவி ஒரு தடவை ஆடிவிட்டு, "ஆடு பாவம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். உருப்படியாக ஏதாவது அமைந்தாலும் இந்த ஊர் உப்புக் காற்று விடாது, பின்களில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும்.

அக்காவின் கணவர், என் மச்சான், கடலில் சங்கு குளிக்கிறவர். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏசில உக்காந்து என்னத்தலே தட்டுத? மச்சினன்னா எனக்குக் கயிறுல்லா பிடிக்கணும்" என்று கேலி செய்வார். முத்துக் குளித்த காலத்து வழக்கம் அது. கீழே இறங்குகிறவனின் கயிற்றை, வள்ளத்தில் நின்று அவன் மனைவியின் உடன்பிறந்தான்தான் பிடித்திருப்பானாம். கூடப் பிறந்தவளின் தாலி அறுபட அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை. கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டினால் இழுக்க வேண்டும்; நேரமாகியும் சுண்டாவிட்டால் கேட்காமலே இழுக்க வேண்டும். இப்போது கயிறு ஏது? மூச்சுக்கு வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடுகிறது, வாயில் டியூப்.

அந்த டியூபோடு ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்த ஒரு காலையில் மச்சானுக்குக் கால்கள் போய்விட்டன. உடம்புக்குள் காற்றுக் குமிழி அடைத்து நரம்பு கெட்டுவிட்டது என்றார்கள். கைகள் அசையும், ஆனால் தம்ளரைப் பிடிக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பிறகு பேச்சையும் நிறுத்திக்கொண்டார். ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவார், அவ்வளவுதான். வேண்டும் என்பதும் இல்லை, வேண்டாம் என்பதும் இல்லை.

"ஒரு காப்பி கேட்டாக்கூடப் போதும் தம்பி. எதையாவது வேணும்னு அவிய வாயால கேக்கட்டும்" என்றாள் அக்கா. எனக்குத் தெரிந்தது ஒரு வேலைதானே, அதைச் செய்தேன்.

கெட்டுப்போன பிரஷர் பார்க்கும் கருவி ஒன்றைப் பிரித்து, காற்றழுத்தத்தை அளக்கும் சென்சாரை எடுத்தேன். அதோடு ஒரு மெல்லிய குழாயைச் சேர்த்து, நுனியில் இளநீர்க் கடை ஸ்ட்ராவைச் செருகினேன். வாயால் உறிஞ்சினால் திரையில் இருக்கும் ஆள் கடலுக்குள் இறங்குவான், ஊதினால் ஏறுவான். அடியில் சங்குகள், எடுத்தால் புள்ளிகள். மூலையில் மூச்சின் அளவைக் காட்டும் ஒரு பட்டை. இதற்குமேல் ஒரு விளையாட்டுக்கு என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து போய், லேப்டாப்பை மச்சானின் கட்டிலருகே வைத்து, ஸ்ட்ராவை அவர் உதட்டில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர் மெல்ல உறிஞ்சினார். ஆள் இறங்கினான். ஒரு சங்கையும் எடுக்கவில்லை. நேரே அடிக்குப் போய் மணலில் நின்றான். பட்டை குறைந்துகொண்டே வந்தது. "ஊதுங்க மச்சான்" என்றேன். அவர் ஊதவில்லை. பட்டை தீர்ந்தது. திரை முழுக்கச் சிவப்பில் 'ஆட்டம் முடிந்தது' என்று வந்தது.

எல்லா விளையாட்டிலும் போடுவதுபோலக் கை பழக்கத்தில் போட்டது. எந்த மடையனாவது கடலில் அடிபட்டுப் படுத்துக் கிடக்கிறவருக்கு அந்த எழுத்தைக் காட்டுவானா? லேப்டாப்பை மூடப் போனேன். மச்சான் சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகு முதல் சிரிப்பு.

"ஏலே மாப்ள, கயிறு யாருலே பிடிச்சிருக்கா?"

குரல் கரகரத்திருந்தது. அடுக்களையிலிருந்து அக்கா ஈரக் கையோடு ஓடிவந்து என் தலையைப் பிடித்து முத்தமிட்டாள். அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. ஒரு கயிறு வரைந்தேன். மச்சான் இரண்டு முறை விட்டுவிட்டு ஊதினால் கயிறு சுண்டும். நான் விசையை அழுத்தினால் ஆள் மேலே வருவான். அந்தச் சிவப்பு எழுத்தையும் அழித்துவிட்டேன்.

கயிறு வந்த பிறகும் அவர் சுண்டவில்லை. இறங்குவார், மணலில் நிற்பார், பட்டை தீரப்போகும் நேரத்தில் நான் இழுப்பேன். உடனே மறுபடி இறங்குவார். பிறகு ஒருநாள், "அந்தப் பட்டை எதுக்குலே? எடுத்துரு" என்றார். வாய் விட்டுக் கேட்டுவிட்டாரே என்ற சந்தோஷத்தில், அதை அங்கேயே உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தேன்.

அதோடு முடிந்தது. கீழே இனி மூச்சு தீராது. காலையில் ஸ்ட்ராவை வாயில் வைத்தால் இருட்டும் வரைக்கும் அந்த மணலில்தான் இருக்கிறார் என்று அக்கா போனில் சொன்னாள். சோறு கொண்டுபோனால் வாயைத் திறப்பதில்லை. முன்பாவது இரண்டு வாய் இறங்கியது. பிடுங்கி வைத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாராம். அவரை மேலே கொண்டுவர நான் செய்த சாமானில் அவர் கீழே குடியிருக்க இடம் பார்த்துக்கொண்டார்.

போனேன். பக்கத்தில் உட்கார்ந்து விசையை அழுத்தினேன். ஆள் மேலே வந்தான், திரை வெளுத்தது.

"எதுக்குலே இழுத்த?"

"நேரமாயிட்டு மச்சான்."

அவர் ஸ்ட்ராவை நாக்கால் ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கயித்த விட்டுரு மாப்ள. உன்னால ஆகாது."

அக்கா சோற்றுக் கிண்ணத்தோடு வாசற்படியில் நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்டுவிட்டது. மச்சான் ஸ்ட்ராவை உதட்டால் தேடிப் பிடித்து உறிஞ்சினார், ஆள் இறங்கினான். கயிற்றுக்காக நான் எழுதியிருந்ததை அழிக்க ஒரு நிமிடம் போதும். அவர் மேலே வரமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அக்காவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ இழு" என்றாள்.

இழுத்தேன். அவர் இறங்கினார். மறுபடி இழுத்தேன்.