அக்கா நிறுத்திய இடங்கள்

அக்காவின் முதலாண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவின் படத்தைப் பார்த்ததும் மூடிவிடாமல் இந்தப் பக்கங்களையும் வாசிக்க வேண்டும் என்று தங்கையாகிய நான் கேட்டுக்கொள்கிறேன். எழுத உட்கார்ந்தபோது அத்தான், "எழுதும்மா. ஆனா எல்லாத்தையும் எழுதாண்டாம்" என்றார். எழுதி முடித்ததை அவரிடமே கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு வரியும் அடிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

அக்கா பூதப்பாண்டியில் பிறந்தார். அப்பாவுக்கு வடசேரிச் சந்தையில் வாழைக்குலைக் கடை இருந்தது. அப்பா இறந்தபோது அக்கா கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. படிப்பை நிறுத்திவிடலாம் என்று பெரியவர்கள் பேசினார்கள். அக்கா காலையில் ஒன்பது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துவிட்டு, ஈரத் தலையோடு கல்லூரிக்கு ஓடிப் பட்டம் வாங்கினார். "இங்கிலீசு இலக்கியம் படிச்சு என்னத்தை கிழிக்கப் போற?" என்று கேட்ட தாய்மாமாவுக்கு, "கதை சொல்லப் போறேன் மாமா. உங்களுக்கும் ஒண்ணு சொல்லட்டா?" என்று பதில் சொன்னதாக அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார்.

திருமணத்துக்குப் பின் அத்தான் மஸ்கட்டில் வேலைக்குப் போனார். குழந்தை இல்லை. வடசேரியில் ஒரே வீட்டில் கீழே அக்காவும் மாடியில் என் குடும்பமுமாக இருந்தோம். குழித்துறைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அக்கா இருபத்திரண்டு ஆண்டுகள் ஆங்கில ஆசிரியை.

அவரிடம் படித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம் கேட்டறியாதவர்கள். பாடப்புத்தகத்துக் கதையைத் தமிழில் சொல்லி, கேள்வி பதிலை மனப்பாடம் செய்ய வைத்தால் போதும் என்பதுதான் வழக்கம். அக்கா அப்படிச் செய்யவில்லை. கதையை ஆங்கிலத்திலேயே வாசித்துக்கொண்டு போய், முக்கியமான ஒரு சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிடுவார். சாக்பீஸை உயர்த்திப் பிடித்தபடி நிற்பார். அந்தச் சொல்லை வகுப்புதான் தர வேண்டும். பிள்ளைகள் சொல்லும் சொற்களையெல்லாம் கரும்பலகையில் எழுதுவார். எது பொருந்தும், எது ஏன் பொருந்தாது என்று அரைமணி நேரம் சண்டை நடக்கும். அதன் பிறகே கதையில் இருக்கும் சொல்லைக் காட்டுவார். அவர் நிறுத்தியதும், "டீச்சருக்கு கரண்டு போச்சு, யாராவது லைட்டைப் போடுங்கலே" என்று பின்வரிசையில் ஒரு குரல் வரும். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். அன்று வகுப்பில் நடந்ததை இரவுச் சாப்பாட்டின்போது எங்களுக்குச் சொல்வார். நான் அதை நாட்குறிப்பில் எழுதிவைப்பேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலை என்னுடையது. எதையும் எழுதிவைத்தால்தான் எனக்கு அந்த நாள் முடியும்.

அந்த நாட்குறிப்பிலிருந்தே இனி வருவதை எழுதுகிறேன்.

ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரம். சாப்பிடும்போது அக்கா, "ஏட்டி, அதை எடு. சோறு கோரிப் போடுறது" என்றார். அகப்பை அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"எது அக்கா?"

"நீதான் சொல்லேன், அதுக்கு என்ன பேரு?"

"அகப்பை. என்னையும் உன் கிளாசுல சேத்துட்டியா?"

"சேத்தாச்சு. நூத்துக்கு நூறு."

வேடிக்கையான செய்தி என்று நினைத்து அதை எழுதிவைத்தேன்.

ஆகஸ்டில் கல்வி அதிகாரி ஒருவர் வகுப்பைப் பார்வையிட வந்தார். ஆசிரியை குறைவாகப் பேசுகிறார், மாணவர்கள் நிறையப் பேசுகிறார்கள், மற்ற பள்ளிகளும் இதைப் பின்பற்றலாம் என்று பாராட்டிவிட்டுப் போனார். அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். இரண்டாவது டம்ளர் வேண்டுமா என்று கேட்டதற்கு அக்கா தலையை மட்டும் அசைத்தார் என்றும் எழுதியிருக்கிறேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

அக்டோபரில் அத்தான் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "உங்க அக்கா பேசுறது விட்டு விட்டு வருது. லைன் சரியில்ல போல. சிம்மை மாத்திக் குடு." மாற்றிக் கொடுத்தேன். அதன் பிறகும் விட்டு விட்டுத்தான் வந்தது. மழைக்காலம் முடியட்டும் என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, அக்கா அத்தானுடைய அம்மாவைப் பார்க்கப் போயிருந்தார். மதியம் ஒரு மாணவி வீட்டு வாசலில் வந்து நின்றாள். பதினொன்றாம் வகுப்பு, தேங்காய்ப்பட்டணத்துப் பெண். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். பெயரைப் போட வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

"ஆன்டி, டீச்சருக்கு என்னமோ செய்யுது."

"என்ன செய்யுது?"

"முன்னாடி கஷ்டமான எடத்துல நிறுத்துவாங்க. இப்போ கதவு, ஜன்னல், மழைன்னு ஒண்ணாங் கிளாஸ் வார்த்தை வார எடத்துல நிக்கிறாங்க. போன வாரம் ஒரு கதை. கடல்ல போனவன் வரல, பெஞ்சாதி கரையில நின்னு பாக்கா. எதைப் பாக்கான்னு டீச்சர் நிறுத்துனாங்க. போட்னு சொல்லணும். ஒருத்தன் குசும்புக்கு பஸ்னு சொன்னான். டீச்சர் அதை அப்படியே போர்டுல எழுதிட்டு மேல வாசிச்சாங்க."

"பிள்ளைகளோட சேந்து வெளையாடியிருப்பா."

"எல்லாரும் சிரிச்சோம் ஆன்டி. டீச்சர் திரும்பி, எதுக்குச் சிரிக்கியன்னு பாத்தாங்க. அதுக்கப்புறம் ஒருத்தரும் சிரிக்கல."

அன்றிலிருந்து அந்த வகுப்புப் பிள்ளைகள் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்களாம். மறுநாள் பாடம் முழுவதையும் வீட்டிலேயே படித்துவிட்டு வருவார்கள். அக்கா நின்ற கணத்தில் யாராவது சரியான சொல்லைச் சொல்லிவிடுவார்கள். ஒரு மூச்சு நேரம்கூட அவரை நிற்கவிடுவதில்லை. அதனால் பக்கத்து வகுப்பு ஆசிரியர்களுக்கும் எதுவும் தெரியவில்லை. "நாங்க செய்யுறது நல்லதா கெட்டதான்னு தெரியல ஆன்டி. அதான் சொல்ல வந்தேன். நீங்க டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

நான் அவளை உள்ளே வா என்று சொல்லவில்லை. "படிப்பிச்சுத் தாற டீச்சரைப் பத்தி ஊர் ஊரா வந்து பேசுவியா? போய்ப் பரிச்சைக்குப் படி" என்று அனுப்பிவிட்டேன். அன்றைய பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: 'ஒரு மாணவி வந்தாள். அதிகப்பிரசங்கி.' அக்கா திரும்பி வந்ததும் இதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஜனவரியில் ஒரு நாள், காலையில் பள்ளிக்குப் புறப்பட்டுப் போன அக்கா அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார். நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"என்ன அக்கா, பள்ளிக்கூடம் லீவா?"

"அவன் கேட்டான்."

"யாரு? என்ன கேட்டான்?"

"கேட்டான். கேட்டுட்டே இருந்தான்."

பஸ் நிலையத்துக்குப் போய் விசாரித்தேன். அந்தப் பஸ்ஸில் பல ஆண்டுகளாக இருந்த கண்டக்டர், அக்காவைக் கண்டதும் கேட்காமலே குழித்துறைக்கு டிக்கெட் கிழித்துக் கொடுப்பவர். அன்று அவர் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்திருந்தார். எங்கே போக வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் போய்வந்த ஊரின் பெயர் அக்காவுக்கு வரவில்லை. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டதும் இறங்கிவிட்டார்.

திருவனந்தபுரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடப்பக்கத்தில் கட்டி. எப்போதிலிருந்து இப்படி என்று மருத்துவர் கேட்டார். கைப்பையில் நாட்குறிப்பு இருந்தது. ஜூனிலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். அகப்பை, பாயசம், சிம், மாணவி. அவர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "எல்லாத்தையும் எழுதியிருக்கீங்க" என்றார். நவம்பரில் வந்திருந்தால்கூட அறுவைச் சிகிச்சைக்கு வழி இருந்திருக்கலாம், இப்போது இல்லை என்றும் சொன்னார். அக்கா என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவருக்குப் புரிந்ததா என்பது எனக்கு இன்றும் தெரியாது. என் புடவை முந்தானையைச் சரிசெய்துவிட்டார்.

அத்தான் வேலையை விட்டு வந்துவிட்டார். அக்கா ஆறு மாதம் இருந்தார். ஆங்கிலம் முதலில் போனது, பிறகு தமிழும். ஆடி மாதத்தில், வீட்டில் எல்லாரும் இருந்த ஒரு காலை நேரத்தில், பேச்சின்றியே பிரிந்தார். அதற்கு முன்பே அவருடைய வகுப்பின் முடிவு வந்திருந்தது. ஆங்கிலத்தில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. அந்தச் செய்தியை அவர் காதருகே சொன்னோம்.

அக்காவைத் தூக்கவும் குளிப்பாட்டவும் முறை வைத்து வந்த பூதப்பாண்டி உறவுப் பெண்களுக்கும், சக ஆசிரியைகளுக்கும், சொல்லாமலே டிக்கெட் கொடுத்துவந்த அந்தக் கண்டக்டருக்கும், அக்காவுக்காக ஒரு பாடப்புத்தகத்தையே முன்கூட்டிப் படித்துவந்த அந்த வகுப்புக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இவர்களில் ஒருவர்கூட அன்பில்லாமல் எதையும் செய்யவில்லை.

தேங்காய்ப்பட்டணத்துப் பெண் பதினாறாம் நாள் சடங்குக்கு வந்திருந்தாள். அவளைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.

"நான் மறுநாளும் வந்தேன் ஆன்டி. வாசல் கேட்டு பூட்டிக் கெடந்துச்சு. கொஞ்ச நேரம் தட்டிப் பாத்துட்டுப் போயிட்டேன்" என்றாள்.

அவள் போனபின் நாட்குறிப்பில் நவம்பர் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். மதியம் நான் வீட்டில்தான் இருந்திருக்கிறேன். கேட்டை உள்பக்கமாகப் பூட்டியது நான்தான்.