டில்லிபாபு வராண்டாவுக்குப் பலகை போட்ட கதை

டில்லிபாபு பேசத் தெரியாதவன் இல்லை. கிரிக்கெட், கரண்ட் பில், விம்கோ நகர் மெட்ரோ எதைப் பற்றிக் கேட்டாலும் மணிக்கணக்கில் பேசுவான். பெண்டாட்டி கெங்கம்மாவிடம் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்ல மாட்டான். எதையாவது எடுத்து ஆணி அடிக்க ஆரம்பித்துவிடுவான். மாமியார் செத்த அன்று கெங்கம்மா அழுதுகொண்டிருக்க, இவன் புளியந்தோப்பில் மாமியார் வீட்டுக் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

நான் எதிர் வீட்டுக்காரன். அடுத்தவன் குடும்ப விவகாரத்தில் மூக்கை நுழைக்க எனக்கு ஆசையே கிடையாது. ஆனால் கெங்கம்மா தன் வீட்டு வராண்டாவில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். என் காலைச் சாப்பாடு அங்கேதான். அதனால் நுழைத்தேன்.

டில்லிபாபுவின் தொழில், ஆபீஸ் தரைகளுக்கு லேமினேட் பலகை பதிப்பது. மேலே பார்த்தால் தேக்கு, உள்ளே அழுத்திய மரத்தூள். ஏசி அறையில் ராஜா மாதிரி கிடக்கும். தண்ணீர் பட்டால் டீயில் விழுந்த பிஸ்கட் கதிதான். இது அவனே எனக்குச் சொன்னது.

கெங்கம்மாவுக்குக் காலில் நரம்பு சுருண்டு, கெண்டைக்கால் இரண்டும் வீங்கிவிட்டன. ரொம்ப நேரம் நின்றால் புண்ணாகிவிடும், அப்புறம் காலுக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்து, மறுநாளும் விடியலிலிருந்து அடுப்புக்கு முன்னால் நின்றாள். வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் கடையை மூடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். இந்த மகானுபாவன் என்ன செய்தான் தெரியுமா? அவள் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, ஏதோ ஆபீஸ் வேலையில் மிஞ்சிய பலகைகளை ஆட்டோவில் ஏற்றி வந்து வராண்டா முழுக்கப் பதித்துவிட்டான். ஃபோம் விரித்து, சுவரோரம் சுண்டுவிரல் அளவுக்கு இடம் விட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி ஒன்றோடொன்று கோத்திருந்தான். வேலையில் குறை சொல்ல முடியாது.

சாயங்காலம் கெங்கம்மா வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தாள்.

"இன்னாய்யா இது?"

"வுட்டன் ஃப்ளோரிங்கு. தண்ணி படக்கூடாது."

"அப்போ கடை?"

"தண்ணி படக்கூடாது," என்றான் மறுபடியும்.

இவ்வளவு பளபளப்பான தரையில் சாம்பார் சிந்த அவளுக்கு மனசு வராது, கடை தானாக மூடிக்கொள்ளும், கால் தப்பிக்கும். இதுதான் அவன் திட்டம். என்னிடம் வந்து பெருமையாக வேறு சொன்னான்.

"அட கஸ்மாலம், அவகிட்ட வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடா பேஜாரு உனக்கு?" என்று கத்தினேன்.

"அதெல்லாம் வராதுபா," என்றான்.

அவன் ஒன்றை மறந்துவிட்டான். அந்த வீட்டுக்கு வராண்டாதான் வாசல். வாசல் தெளிக்காமல் கெங்கம்மா ஒருநாளும் அடுப்பு பற்றவைத்ததில்லை. திங்கட்கிழமை விடியலில் எப்போதும்போல ஒரு பக்கெட் தண்ணீரைப் பலகைமேல் சளேரென்று ஊற்றி, விளக்குமாற்றால் தள்ளிவிட்டுக் கோலம் போட உட்கார்ந்தாள். டில்லிபாபு லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"தண்ணி படக்கூடாதுன்னு சொன்னேன்ல மே!"

"வாசல் தெளிக்காத அடுப்பு பத்தவெக்க சொல்றியா? நல்லாக்கீதே கத!"

அப்புறம் தினமும் அவள் ஊற்றினாள், அவன் பழைய பனியனை வைத்துக்கொண்டு முட்டி போட்டுத் துடைத்தான். புதிதாக வந்த லாரி டிரைவர் ஒருவர் அவனைக் கடை ஆள் என்று நினைத்து ரெண்டு இட்லி கொண்டுவரச் சொன்னார். அவன் அவர் காலைத் தூக்கச் சொல்லி அடியில் துடைத்தான்.

பலகை சும்மா இருக்குமா? இணைப்புகள் ஊறி, ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டது. அந்த வாரக் கடைசியில், ஆவி பறக்கும் இட்லித் தட்டோடு திரும்பிய கெங்கம்மாவுக்கு ஒரு ஓரத்தில் கால் இடறியது. தட்டு பறந்தது. அவளும் விழுந்திருப்பாள், கீழே துடைத்துக்கொண்டிருந்தவன் முதுகில் மோதி நின்றாள். இட்லிகள் சுடச்சுட அவன் கழுத்தில் விழுந்தன.

சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்களுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவன் எழுந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"கொதிக்கிற குண்டான் மேல வுழுந்திருப்பியே மே," என்றான். அப்புறம் அத்தனை பேர் முன்னாலும், "உன் காலப் பாத்தா எனக்குப் பயமாக்கீது கெங்கா. தெனம் பயமாக்கீது. நீ பூட்டீன்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்று சொல்லி, சின்னப் பையன் மாதிரி அழுதுவிட்டான்.

கெங்கம்மா மாவுக் கரண்டியைக் கையில் எடுத்தாள்.

"இத்த சொல்றதுக்கு ஒரு தரைய நாசம் பண்ணியா நீ?" என்றாள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்தாள். கரண்டியை அவனிடம் நீட்டினாள்.

"பயமா இருந்தா நீ நில்லு. மாவ அடியிலேர்ந்து கலக்கு."

அவன் நின்றான், கலக்கினான், ஊற்றினான். வந்த இட்லி கருங்கல். நன்றாக நாலு வார்த்தை திட்டலாம் என்று நிமிர்ந்தேன். கெங்கம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் கடை நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இன்னும் ரெண்டு கேட்டு வாங்கித் தின்றேன்.