மஞ்சள் தடவிய கார்டு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்பின்னாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்தது எண்பதுகளின் நடுவில், தருமபுரி மாவட்டத்தில், கடத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில். எண்பத்தி நாலா, எண்பத்தி அஞ்சா என்று சரியாக நினைவில்லை. ஆவணி மாதம் என்பது மட்டும் நிச்சயம். கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தோம்.

அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். நான் நாலு பேர் முன்னால் நின்று பேசமாட்டேன். கடைக்காரரிடம் உப்பு கேட்பதற்குள் வேர்த்துவிடும். ஆனால் என் கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கும். ‘ழ’ எழுதினால் அடியில் ஒரு சுழி போட்டு இழுப்பேன். எங்கள் தெருவில் யாருக்குக் கடிதம் எழுதவேண்டும் என்றாலும், வந்ததைப் படிக்கவேண்டும் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் அந்தத் தரகர் வந்தார். நிலம் வாங்கி விற்கிறவர். சைக்கிள் கேரியரில் ஒரு கட்டு போஸ்ட் கார்டு இருந்தது.

“நோட்டீஸ் அச்சடிச்சுப் பாத்தேம்மா. சந்தையில கடலை மடிக்கத்தான் ஆச்சு. கையால எழுதுனாதான் நம்ம மனுசன் எழுதுனாப்ல இருக்கும். விக்கிற நெலமையில இருக்கறவன் தானா வரமாட்டான், வெக்கப்படுவான். நாமதான் அவன் வூடு தேடிப் போகோணும். கார்டு போனா ஆளே போன மாதிரி” என்றார்.

எழுதவேண்டியது நாலு வரிதான். தங்கள் நிலத்தை விற்க விருப்பம் இருந்தால் நல்ல விலை தரப்படும், வில்லங்கம் இருந்தாலும் பரவாயில்லை, நேரில் வந்து பேசவும், இப்படிக்கு என்று அவர் பெயர். எல்லோருக்கும் இதே வாசகம். யாருக்குப் போடவேண்டும் என்பதில்தான் அவருடைய சாமர்த்தியம். எந்த வீட்டில் கிணறு வற்றியது, எந்த வீட்டில் ஆண்பிள்ளை செத்துப்போனான், யார் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூர் போய்விட்டார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போடவேண்டும் என்பார். முதல் கார்டைக் கிழித்துவிடுவார்களாம், இரண்டாவதைக் கூரையில் செருகுவார்களாம், மூன்றாவதுக்கு அவர்களே தேடிக்கொண்டு வருவார்களாம்.

கார்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தார். கூலியை விட, “உன்ற எழுத்தக் கண்ணுல ஒத்திக்கலாம்மா” என்று அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அதுவரை யாரும் என்னை அப்படிப் புகழ்ந்ததில்லை.

ஒருநாள் அவர் சலித்துக்கொண்டார். “பாதிப் பேரு படிக்கச் சொல்லிக் கேக்கறதே இல்லம்மா. அப்பிடியே வெச்சிடறாங்க.”

நான் தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். “நாலு மூலையிலயும் மஞ்சள் வெச்சா கையில வாங்குனதுமே படிக்கச் சொல்லுவாங்கங்க.”

எங்கள் பக்கத்தில் கல்யாணம், சீர் என்று நல்ல காரியச் சேதி எழுதினால் கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்புவது வழக்கம். எழுத்துத் தெரியாதவர்கள்கூட மஞ்சளைப் பார்த்தே சிரித்துவிடுவார்கள். அவர் கட்டிலிருந்து ஒரு கார்டை உருவி மூலையைத் தடவிப் பார்த்தார். பிறகு, “இத்தன நாளு எனக்குத் தோணாமப் போச்சே!” என்றார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

அதே மிதப்பில் இன்னொன்றும் செய்தேன். எங்கள் தெருக்கோடியில் ஒரு அத்தை இருந்தார். உறவு இல்லை, வாய் நிறைய அத்தை என்று கூப்பிடுவேன். அவருடைய வீட்டுக்காரர் இறந்துவிட்டார். ஒரே மகள். ரோட்டோரத்தில் இரண்டு ஏக்கர் நிலமும், எங்கள் பேச்சில் காடு, ஒரு கிணறும் இருந்தன. அது மகளுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். “கல்யாணத்துக்கு என்ன பண்றதுன்னே தெரியல கண்ணு” என்று களை வெட்டும்போது என்னிடம் மட்டும் சொல்லி அழுதார். தரகர் எங்கள் ஊரில் யாராவது உண்டா என்று கேட்டதும் அந்த வீட்டைச் சொல்லிவிட்டேன். அத்தைக்கும் உதவியாக இருக்கும் என்று என் மனசுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம்தான் கம்பைநல்லூரிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். ஜாதகப் பொருத்தம் முன்பே பார்த்தாகிவிட்டது. பெண்ணையும் பிடித்திருந்தது. “ஊருக்குப் போயி பெரியவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு கடுதாசி போடறோமுங்க” என்று சொல்லிப் போனார்கள். அவர்கள் கடிதத்துக்காக அந்த வீடு காத்திருந்தது எனக்குத் தெரியும். அந்த வீட்டு விலாசத்தைக் கார்டில் எழுதியதும் நான்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க என் புத்திக்குத் தோன்றவில்லை. கட்டோடு எழுதி, கட்டோடு மஞ்சள் தடவிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை என்று நினைக்கிறேன். சோளம் புடைத்துக்கொண்டிருந்தேன். தெருவே சிரித்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. முன்னால் அத்தை, பின்னால் ஏழெட்டுப் பெண்கள். எல்லோர் வாயிலும் வெல்லம். தபால்காரர் கார்டை நீட்டியதுமே அத்தை உள்ளே ஓடி, இருந்த வெல்லத்தை உடைத்துத் தெருவுக்கே கொடுத்துவிட்டாராம்.

“கண்ணு, கம்பைநல்லூருக் கடுதாசி வந்திடுச்சு! மஞ்சளப் பாரு, எப்பிடிப் பளபளன்னு இருக்குதுன்னு! தேதி போட்டிருக்காங்களா, சத்தமாப் படி, எல்லாரும் கேக்கட்டும்!”

என் வாயிலும் ஒரு துண்டு வெல்லத்தைத் திணித்துவிட்டு, கார்டைக் கையில் கொடுத்தார். என் எழுத்து. என் சுழி. நான் தடவிய மஞ்சள்.

பொய் சொல்லியிருக்கலாம். உள்ளே கூட்டிப்போய் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வாயில் வெல்லத்தை வைத்துக்கொண்டே நாலு வரியையும் படித்தேன்.

முதலில் ஒருத்தி சிரித்தாள். “ஏனுங்கக்கா, தின்ன வெல்லத்தைத் திருப்பிக் குடுக்கோணுமா?” இன்னொருத்தி, “காடு விக்கறீங்களா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!” என்றாள்.

அத்தை என்னைப் பார்த்தார். “நான் விக்கறேன்னு யாருகிட்ட கண்ணு சொன்னேன்? எங்கூட்டுக் கஷ்டம் அவனுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?”

நான் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. கூச்சம் என்று சொல்லிக்கொள்ளலாம். கூச்சம் இல்லை, பயம்.

வெல்லம் தின்றவர்களில் ஒருத்தியின் அக்காளைக் கம்பைநல்லூரில்தான் கொடுத்திருந்தார்கள். பெண்ணோடு வரும் என்று அவர்கள் நம்பியிருந்த காடு விலைக்கு வருகிறது என்ற பேச்சு அங்கே போய்ச் சேர்ந்தது. பத்து நாளில் உண்மையான கடிதம் வந்தது. அதில் மஞ்சள் இல்லை. அதையும் நான்தான் படித்தேன். ஜாதகம் சரியாகச் சேரவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

“பொருத்தம் பாத்துட்டுத்தானே கண்ணு வந்தாங்க?” என்று அத்தை கேட்டார். மறுபடியும், “பாத்துட்டுத்தானே வந்தாங்க?” என்றார். நான் கடிதத்தை அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

தரகரிடம் கை வலிக்கிறது, இனிமேல் எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் வேறு யாரையோ வைத்து எழுதிக்கொண்டார். மஞ்சளை மட்டும் விடவில்லை. சுற்றுவட்டாரம் முழுக்க அந்தக் கார்டுகள் போயின. கடைசியில் தபால்காரரே மஞ்சள் கடிதத்தை நீட்டும்போது, “கல்யாணமா, காட்டுக் கிரயமா?” என்று கேலி பேச ஆரம்பித்தார். மஞ்சளைப் பார்த்ததும் சிரிக்கிற வழக்கம் எங்கள் ஊரில் போய்விட்டது.

அத்தை வீட்டுக்கு மூன்றாவது கார்டும் வந்தது. அடுத்த வருஷம் மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு வரன் அமைந்தபோது, நகை போட வழியில்லாமல், அத்தை தானே அந்தத் தரகரைத் தேடிப்போய்க் காட்டை எழுதிக்கொடுத்தார். அவர் சொன்ன விலைதான். எனக்கு அவருடைய மூன்று கார்டுக் கணக்கு நினைவுக்கு வந்தது.

கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எழுத என்னைத்தான் கூப்பிட்டார்கள். பாய் விரித்து, கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து வைத்திருந்தார்கள். அத்தை அடுப்பங்கரையில் இருந்தார். மகள் என் எதிரில் உட்கார்ந்தாள். எட்டாவது வரை படித்த பெண்; தன் கல்யாணக் கடிதத்தைப் பெண்ணே படிக்கக்கூடாது என்றுதான் அத்தை அன்றைக்கு என்னிடம் வந்தார். அவளுடைய பள்ளிக்கூட விண்ணப்பங்களை எல்லாம் எழுதிக் கொடுத்தவள் நான். என் கை கிண்ணத்தின் பக்கம் போனதும், அவள் அதை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எழுத்து மட்டும் நீங்க எழுதுங்கக்கா. மஞ்சள நான் வெச்சுக்கறேன்.”

குரலில் கோபம் இல்லை. குனிந்தபடியே ஒவ்வொரு மூலையாக வைத்தாள். கார்டு வந்த அன்றைக்கே என் எழுத்தைப் பார்த்து அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு அவளிடமாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். விலாசம் எழுதிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அத்தை கடைசி வரை என்னைக் கண்ணு என்றேதான் கூப்பிட்டார். தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

வருஷமோ, மாதமோ, எந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள் என்பதோ தப்பாக இருக்கலாம். எங்கள் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். மஞ்சள் வைக்கச் சொன்னது நான்தான் என்பதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டியதில்லை. இன்றைக்கும் குழம்புக்கு மஞ்சள் போடும்போதெல்லாம் அந்த வெல்லம் என் வாயில் கரையாமல் இருக்கிறது.