இரும்புத் தூள் விழுந்த கண்

பல்லேகலயில் பிள்ளைகளுக்கான சத்துமா தயாரிக்கும் கம்பனியொன்றில், மாவோடு இரும்புச்சத்துத் தூளைக் கலக்கும் அறைதான் கஜலட்சுமியின் இடம். குண்டசாலையில் வாடகை வீடு, போகவர பஸ். வேலையில் கெட்டிக்காரி என்று எல்லாரும் சொல்வார்கள். வன்மம் வைப்பதிலும் கெட்டிக்காரிதான். அது மட்டும் யாருக்கும் தெரியாது.

செங்கல் நிறத் தூள் அது. மாவில் துளியளவு சேர்ந்தால் பிள்ளைக்கு இரத்தம் ஊறும். மூட்டை மூட்டையாகப் பிரித்துக் கொட்டுகிறவர்களுக்கு அது வேறு முகம் காட்டும். மூச்சில் போனால் இருமல், கண்ணில் விழுந்தால் எரிச்சல். அறையில் புழுதியாகக் கிளம்பி நின்றால் அறையே பற்றிக்கொள்ள ஒரு தீப்பொறி போதும். முகமூடி போடு, கண்ணாடி போடு, உறிஞ்சும் ஃபேனை நிறுத்தாதே, ஈரத்துணியால் துடை, கண்ணில் பட்டால் தேய்க்காமல் ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவு என்று சுவரில் சிங்களத்திலும் தமிழிலும் எழுதித்தான் இருந்தது. சுவரை யார் பார்த்தார்கள்?

அவள் புருஷன் மூக்கையாவும் அதே அறையில்தான் வேலை செய்தான். ஒரு நாள் மூட்டை பிரிக்கும்போது தூள் கண்ணில் அடித்தது. அவன் கேட்டுக் கேட்டு அலுத்த கண்ணாடியை சுப்பர்வைசர் ஸ்ரீதரன் கொடுத்திருக்கவில்லை. கழுவிவிட்டு வருகிறேன் என்றவனை, "மெஷின் ஓடுது, தொடைச்சிட்டு வேலையப் பாரு" என்று அதட்டினான். மூக்கையா கண்ணைத் தேய்த்துத் தேய்த்து வேலையைப் பார்த்தான். கருவிழி புண்ணாகி, சீழ் பிடித்து, அந்தக் கண்ணே போயிற்று.

முதலாளி விசாரித்தார். ஸ்ரீதரன் கூசாமல் சொன்னான்: "குடிச்சிட்டு வந்தான் சார். கண்ணு செவந்திருந்தத நானே பாத்தேன்." ஒரு சொட்டுத் தொட்டறியாத மனுஷன் மூக்கையா. வேலையோடு பேரும் போனது. இப்போது கம்பனி வாசலுக்கு எதிரே வடை சுட்டு விற்கிறான்.

கஜலட்சுமி அழவில்லை. அதே அறையில், அதே ஸ்ரீதரனுக்குக் கீழே, அதைப் பற்றி வாய் திறக்காமல் வேலை செய்தாள். பொய் சொன்ன அந்த வாயே, நாலு பேர் கேட்க, உண்மையைக் கக்க வேண்டும். அவளுக்கு வேறெதுவும் வேண்டாம்.

ஆயுத பூசை வந்தது. அன்றைக்கு ஸ்ரீதரனுக்குத் தலைகால் புரியாது. மெஷினுக்குச் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டுவது அவன்தான். முதலாளியும் வந்து நிற்பார். கற்பூரம் அணையக்கூடாதென்று உறிஞ்சும் ஃபேனை நிறுத்தச் சொன்னான். மேலே ஓடும் குழாயின் முதுகில் தூள் மாதக்கணக்காகப் படிந்து கிடந்தது. துடைக்கணும் சார் என்று கஜலட்சுமி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "மேல யாரு பாக்கப் போறா?" என்பான். இன்று அந்தக் குழாயில்தான் மாவிலைத் தோரணம் கட்ட வேண்டுமென்று அவனே ஸ்டூலில் ஏறினான். பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதி. கண்ணாடி மட்டும் இல்லை.

அவள் எச்சரித்திருக்கலாம். எச்சரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

தோரணக் கயிற்றைக் குழாய்க்கு மேலாகப் போட்டு இழுத்தான். அண்ணாந்த முகத்தில் தூள் மொத்தமாகக் கொட்டியது. அலறிக்கொண்டே சரிந்து இறங்கினான். அறையெங்கும் செம்புழுதி. கற்பூரத் தட்டோடு நின்ற, கூட வேலை செய்யும் நிரஞ்சனியின் கையிலிருந்த தீப்பெட்டியைக் கஜலட்சுமி பறித்தாள். "கொளுத்திராத புள்ள, அறையே பத்திக்கும்! எல்லாரும் வெளிய போங்க!"

ஸ்ரீதரனையும் இழுத்து வந்து முற்றத்துத் தண்ணீர்க் குழாயடியில் உட்காரவைத்தாள். ரப்பர் குழாய் அவள் கையில். தண்ணீர் தரையில் ஓடியது.

"தண்ணி ஊத்து, கஜலட்சுமி! எரியுது!"

"ஊத்துறேன் சார். எங்க வீட்டுக்காரர் கண்ணு அன்னைக்கு ஏன் செவந்திச்சு?"

"இப்பவா கேக்குற?"

"இப்பதான் கேக்கணும்."

சத்தம் கேட்டு வந்த முதலாளி பின்னால் நின்றார். ஸ்ரீதரனால் பார்க்க முடியவில்லை.

"தூளுதான்! தூளு விழுந்துதான் செவந்திச்சு! அவன் குடிக்கல! கழுவப் போனவன நான்தான் விடல!"

முற்றத்தில் நின்ற எல்லாருக்கும் அது கேட்டது. கஜலட்சுமி அவன் கையை விலக்கி, இமையைப் பிரித்து, சுவரில் எழுதியிருந்தபடியே அவசரப்படாமல் கழுவினாள். இரக்கம் ஒன்றுமில்லை. அவன் கண் பிழைக்க வேண்டும். மூக்கையாவை அவன் இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போக த்ரீவீலர் வாசலில் நின்றது. அவளே கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். நடந்தது அதற்குள் வடைக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மூக்கையா கரண்டியை வைத்துவிட்டு வந்து, மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் ஸ்ரீதரனை உற்றுப் பார்த்தான்.

"என்ன சார், கண்ணு இப்பிடிச் செவந்திருக்கு? குடிச்சிருக்கீங்களா?"

ஸ்ரீதரன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு த்ரீவீலரில் ஏறினான். கஜலட்சுமி கடைத் தட்டிலிருந்து சூடாக ஒரு வடையை எடுத்துக் கடித்தாள். புருஷன் கடை போட்ட நாளிலிருந்து தின்கிற வடைதான். அதன் உப்பும் உறைப்பும் அன்றுதான் அவள் நாக்கில் பட்டது.