மாப்பிள்ளை கேட்டு வாங்கிப்போன பேரிக்காய்

அத்தையைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு இந்த முறை சொஜ்ஜியும் பஜ்ஜியும் போதாது என்று அப்பா முடிவு செய்துவிட்டார். வரப்போகிறவர் பம்பாயில் இன்ஜினியர். அவருடைய அம்மா குன்னூரில் வெள்ளைக்கார டாக்டர் வீட்டுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவராம். "மேஜையில உக்காந்து ஸ்பூன்ல சாப்பிடற குடும்பம்" என்று எங்கள் சபைப் போதகர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாத்தாவும் பாட்டியும் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டதால், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பி.ஏ.வில் கணக்கு படித்துவிட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். மேலே பி.டி. என்ற ஆசிரியர் பயிற்சி படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதைப் பற்றி எப்போது பேச்செடுத்தாலும் அப்பா, "முதல்ல கல்யாணம். அப்புறம் புருஷன் படிக்க வைக்கட்டும்" என்பார். சொல்லிவிட்டு உடனே செருப்பைத் தேடுவார், எங்கோ அவசரமாகப் போக வேண்டியவர்போல.

கல்லூரி விடுதியில் ஒரு வெள்ளைக்கார வார்டனம்மாவிடம் அத்தை பழ ஸ்டூ செய்யக் கற்றிருந்தாள். அது அப்பாவுக்குச் சமயத்தில் நினைவு வந்தது. மறுநாளே கொத்தவால் சாவடிக்குப் போய் ஒரு பை நிறையப் பேரிக்காயும் ஓர் அன்னாசியும் வாங்கிக்கொண்டு மின்சார ரயிலில் வந்து இறங்கினார். கூட்டத்தில் நசுங்காமல் இருக்க அன்னாசியைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு வந்ததாக அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுப்படியில் நானும் அத்தையும்தான் வேலை செய்தோம். பேரிக்காய்கள் கல்லாக இருந்தன. அத்தை தோல் சீவி, நான்காகப் பிளந்து, கறுத்துப் போகாமலிருக்க எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போட்டாள். சர்க்கரைப் பாகு கொதித்ததும் பட்டை, லவங்கம், தட்டிய இஞ்சி, உலர்ந்த திராட்சை எல்லாவற்றையும் போட்டுப் பேரிக்காயையும் நறுக்கிய அன்னாசியையும் சரித்தாள். கொஞ்ச நேரத்தில் வீடே கிறிஸ்துமஸ் மாதிரி மணத்தது. அம்மா வந்து ஒரு துண்டை எடுத்து ஊதித் தின்றாள். "தேவாமிர்தம். இதுக்கே தாலி கட்டிடுவாரு" என்று சொல்லிவிட்டுப் புடவை மாற்றப் போனாள்.

அத்தை சிறிது நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கல் உப்பு ஜாடியைத் திறந்து ஒரு கை அள்ளிப் போட்டாள். இன்னொரு கை போட்டாள். மிளகுத் தூளையும் கொட்டினாள்.

"அத்தை, அது உப்பு" என்றேன்.

"தெரியும்டி. வார்டனம்மா இப்படித்தான் செய்வாங்க. ஆறி, ஊறினாத்தான் ருசி தெரியும். யாரும் தொடக்கூடாது, சொல்லிட்டேன்."

அவள் முகம் கழுவப் போனதும் நான் கரண்டியை நக்கிப் பார்த்தேன். காது வரைக்கும் எரிந்தது. கடல் தண்ணீரில் கஷாயம் காய்ச்சினால் அப்படித்தான் இருக்கும். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, வெள்ளைக்காரர்கள் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு வாசலில் ரிக்‌ஷா நின்றது. "இன்னா சார், இந்த வூடுதானே?" என்று ரிக்‌ஷாக்காரர் கேட்பதற்குள் அப்பா ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் மட்டும்தான் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஒல்லியாக, உயரமாக இருந்தார். உட்காரும்போது நாற்காலிக்கு வலிக்குமோ என்பதுபோல மெதுவாக உட்கார்ந்தார்.

அத்தை தட்டில் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களை ஏந்தி வந்து வைத்தாள். மாப்பிள்ளை ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தார். தாடை அப்படியே நின்றது. நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். தலை குனிந்திருக்க வேண்டிய அத்தையும் அவரை நேராகப் பார்த்தாள். அவர் மெல்ல விழுங்கினார்.

"ஸ்கூல்ல என்ன பாடம் எடுக்கறீங்க?"

"கணக்கு."

"மேல படிக்கிற எண்ணம் இருக்கா?"

"இருக்கு. பி.டி. சேரணும்."

பின்னால் நின்ற அம்மா அத்தையின் முழங்கையைக் கிள்ளினாள். மாப்பிள்ளை தலையசைத்தார். அதற்குள் அவருடைய அம்மா தன் கிண்ணத்தைக் கையில் எடுத்திருந்தார். மகன் அதை மெதுவாக வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு ஆகாதும்மா, பாகு. டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

பிறகு இரண்டு கிண்ணங்களையும் அவரே சாப்பிட்டார். ஒரு துண்டு விடவில்லை. நெற்றியில் வேர்த்ததைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். அப்பாவின் முகம் மலர்ந்துபோயிற்று. "எனக்கும் கொஞ்சம் கொண்டாம்மா, நானே இன்னும் ருசி பாக்கல" என்றார்.

அத்தை நகரவில்லை. மாப்பிள்ளைதான் பேசினார். "சார், தப்பா நினைக்காதீங்க. மிச்சம் இருக்கறத நான் எடுத்துட்டுப் போகலாமா? இந்த மாதிரி நான் சாப்பிட்டதே இல்ல."

அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பாத்திரத்தை வழித்து, எங்கள் பித்தளைத் தூக்கு நிறைய ஊற்றிக் கொடுத்தாள். ரிக்‌ஷாவில் அதை மடியில் பிடித்துக்கொண்டு அவர் போனதை நாங்கள் தெரு முனைவரை பார்த்துக்கொண்டு நின்றோம். "கேட்டு வாங்கிட்டுப் போறாருன்னா முடிஞ்ச மாதிரிதான்" என்றார் அப்பா.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து போதகர் வீட்டுக்கு வந்தார். கையில் எங்கள் தூக்கு இருந்தது, நன்றாகத் தேய்த்துக் கழுவி. "பையனுக்கு இப்போதைக்குக் கல்யாணத்துல நாட்டம் இல்லையாம். பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல, அதைக் கண்டிப்பா சொல்லணும்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு" என்றார்.

யாரையும் திட்ட அப்பாவுக்கு வழியில்லாமல் போயிற்று. சாயங்காலம் அத்தையைக் கூப்பிட்டு, "பி.டி.க்கு எப்ப அப்ளிகேஷன் போடணும்?" என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அந்த வருஷமே அத்தை சைதாப்பேட்டைக்கு ரயிலில் போய்ப் படிக்க ஆரம்பித்தாள்.

ஆனால் அப்பா கேட்ட அன்று, அவள் குதிப்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் குதிக்கவில்லை. கிணற்றடிக்குப் போய், ஏற்கெனவே பளபளத்த தூக்கைப் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவருக்குத்தான் அவ்ளோ பிடிச்சிருந்துதே அத்தை. அப்புறம் ஏன் வேணாம்னுட்டாரு?"

அத்தை சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நல்ல மனுஷன்டி அவர்" என்றாள்.

நல்லவர் போனதற்கு அழுவானேன், அழுகிறவள் முதலிலேயே அவரைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. ஒருவேளை புளி கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்து, ஓடிப்போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.