வழியனுப்பிய பிறகு

இந்தக் கோடையில் எங்கள் குடியிருப்பில் எனக்கு விருந்து வைத்து வழியனுப்பினார்கள். நான்தான் இன்னும் போகவில்லை.

ஆற்று வண்டலைப் பற்றி வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்ய, அரசு உதவித்தொகைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். செய்தி வந்த அன்றே அப்பா துறைமுக அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டார். எதிர்வீட்டு வங்காளி அம்மாள், நாங்கள் கூப்பிடுகிறபடி காக்கிமா, அதாவது சித்தி, அதற்கும் ஒரு படி மேலே போனாள். வகைவகையாகச் சமைத்துப் போட்டு, பாயேஷ் என்கிற பால் பாயசத்தை ஊட்டி, தானே பின்னிய ஸ்வெட்டரையும் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் மின்னஞ்சல் வந்தது: நிதி ஒதுக்கீடு இன்னும் வரவில்லை, வந்ததும் தெரிவிப்போம். பல்கலைக்கழகமோ ஜனவரி வரைக்கும்தான் என் இடத்தை வைத்திருக்கும்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டெல்லியில் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போன் செய்தால், ஃபைல் மேலே போயிருக்கிறது என்பார்கள். அந்தக் கட்டடத்தில் எத்தனை மாடியோ!

இது போதாதென்று காக்கிமா என்னைப் படியில் பார்க்கும்போதெல்லாம், "இன்னும் கிளம்பலையா?" என்று வங்காள மொழியில் கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் கதவு மூடியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பால் வாங்கவே இறங்குவேன்.

"திருடி மாதிரிப் பதுங்கறியே, அவ உன்னை என்னடி பண்ணினா?" என்று அம்மா சிரிப்பாள்.

போன வாரம், துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்த மாலையில், காக்கிமாவிடம் வசமாக மாட்டிக்கொண்டேன். வழக்கமான பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. என் காய்கறிப் பையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அஷ்டமிக்குப் பிரசாதக் கிச்சடி பரிமாற உன்னையும் சேர்த்திருக்கேன். அடுத்த வருஷம் மளிகை வாங்கற பொறுப்பும் உனக்குத்தான்" என்றாள், பிரியமாக.

அடுத்த வருஷம்! டெல்லிக்காரர்கள்கூட இன்னும் இல்லையென்று சொல்லவில்லை. நான் போகப்போவதில்லை என்று இவள் முடிவே செய்துவிட்டாள். நான் வருத்தப்படக் கூடாதென்று கேள்வியையும் நிறுத்திவிட்டாள்.

"காக்கிமா, இன்னிக்கு ஏன் கேக்கல?"

"என்ன கேக்கணும்?"

"இன்னும் கிளம்பலையான்னு. கேளுங்க."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, வழக்கம்போலவே கேட்டாள்.

"இல்ல காக்கிமா, இன்னும் இல்ல" என்றேன். எரிச்சல் வரவில்லை. அழுகைதான் வந்தது.