இரண்டாம் பாகத்தின் கடைசித் தாள்

கோவிந்தம்மாவுக்குக் கதைப் பைத்தியம் என்று மண்ணூரில் பெயர். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது, படிப்பு நிற்கவில்லை. வடை சுற்றி வந்த காகிதத்தையும் எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிக்கிற ஆள். செம்பரம்பாக்கம் பக்கம் மருந்துப் பாட்டிலுக்கு மூடி போடுகிற கம்பெனியில் பத்து வருஷமாக வேலை. கை மூடியைத் திருகிக்கொண்டிருக்கும், கண் ஏழாவது கடலில் இருக்கும். சூப்பர்வைசர் திட்டினால் சிரிப்பாள். திட்டியவருக்குத்தான் சங்கடமாகப் போகும்.

அந்த ஏழாவது கடல் சும்மா வரவில்லை. 1983-இல் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை வந்தது. நமக்கெல்லாம் தெரிந்த பழைய கதைதான்: ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு குகை, குகையில் கிளி, கிளிக்குள் அரக்கனின் உயிர். எழுதியவர் அதைத் திருப்பிப் போட்டிருந்தார். சிறைபட்ட இளவரசிதான் கிளிக்குக் காவல். இளவரசன் வந்து நின்று, கழுத்தைத் திருகு என்கிறான். அவள் கூண்டைத் திறந்துவிடுகிறாள். கிளி அந்த உயிரைச் சுமந்துகொண்டு பறந்துபோகிறது. முற்றும்.

அதே வருஷம்தான் கோவிந்தம்மாவின் மகன் மோகன் நாலு வயதில் காய்ச்சலில் போனான். போவதற்கு முதல் நாள் கொய்யா கேட்டான், அதுவும் பாதி பழுத்த செங்காயாக. காய்ச்சலுக்கு ஆகாது, எழுந்ததும் தருகிறேன் என்றாள். அவன் எழவில்லை. போனவர்களுக்குப் பிடித்ததை விட்டுவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். அன்றோடு அவள் கொய்யாவை விட்டாள்.

அந்தக் கதையைப் படித்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. உடம்பு ஓரிடத்திலும் உயிர் ஓரிடத்திலும் இருக்கலாம் என்றால், மண்ணில் வைத்தது உடம்பை மட்டும்தானே? பச்சை இறகுக்குள் கதகதப்பாக மோகன் எங்கேயோ பறந்துகொண்டிருக்கிறான். இதை வெளியே சொன்னால் வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போய்விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கூட வேலை பார்க்கும் ரத்னாவிடம் மட்டும், கொய்யா சங்கதியோடு சேர்த்து, ஒரே ஒரு முறை சொன்னாள். ரத்னா தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

எட்டு வருஷம் கழித்து, 1991 பொங்கலுக்கு, இரண்டாம் பாகம் தொடங்கியது. கம்பெனி பஸ்ஸில் வரும் ஆறு பெண்கள் கூட்டாக ஒரு பத்திரிகை வாங்கினார்கள். ஒருத்தி முடிக்கிற வரைக்கும் மற்றவர்களுக்குப் பொறுக்குமா? பின்னைக் கழற்றி, தாள் தாளாக முன் சீட்டிலிருந்து பின்னால் விடுவார்கள். ஸ்ரீபெரும்புதூரிலேயே ஏறிவிடும் ரத்னாவுக்கு முன் சீட்டு. கோவிந்தம்மாவுக்குக் கடைசி சீட்டு. வந்து சேரும் தாள்களை பைண்டு பண்ண அவளே வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் பஸ் ஆடி ஆடி ஏரிப் பக்கம் போகும். கிளி மேகத்துக்குள் நுழையும், கோவிந்தம்மாவும் கூடவே நுழைவாள். ஏரி எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று அந்த நேரத்தில் அவளைக் கேட்டால் தெரியாது.

ஆவணி பிறந்தபோது இளவரசன் வில்லை எடுத்துக்கொண்டு கிளியைத் தேடிக் கிளம்பிவிட்டான். கோவிந்தம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"கொன்னுடுவானாடி?" என்று ரத்னாவைத் தினமும் கேட்டாள்.

"கதைதானக்கா" என்பாள் ரத்னா.

கதைதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தக் கிளி செத்தால் பிள்ளையை இரண்டாம் தடவை பறிகொடுக்க வேண்டும். அதற்குத் தன்னிடம் தெம்பு இல்லை என்று கோவிந்தம்மா பயந்தாள்.

கடைசி வாரம் வந்தது. முதல் தாளில் இளவரசன் அம்பைத் தொடுத்து நாணை இழுத்துவிட்டான். இரண்டாவது தாள் வரவேயில்லை.

"காத்துல பூடுச்சு" என்றாள் ரத்னா.

பஸ்ஸே கொதித்தது. "ஏழு மாசமா படிச்சிகினு வந்து கடைசி தாள காத்துல வுட்டியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று நடு சீட்டு மஞ்சுளா பிடித்துக்கொண்டாள். தாளுக்கெல்லாம் வண்டி நிற்காது என்று டிரைவர் கன்னியப்பன் சொல்லிவிட்டார்.

கோவிந்தம்மா எழுந்து முன்னால் போனாள். ரத்னா பக்கத்து ஜன்னல் கண்ணாடி இரண்டு மாதமாக இறுகிக் கிடக்கிறது, கன்னியப்பனாலேயே அதைத் திறக்க முடியவில்லை. காலடியில் இருந்த சாப்பாட்டுக் கூடையில், தூக்குக்கு அடியில், அச்சடித்த தாள் ஒன்றின் மூலை தெரிந்தது. கோவிந்தம்மா ஜன்னலைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ படிச்சிட்ட இல்ல?"

"படிச்சேன்கா."

"கிளி இன்னா ஆச்சு?"

ரத்னாவுக்குப் பொய் வராது, கதையும் வராது. அரை நாள் லீவு கேட்கவே திக்குகிறவள்.

"அம்பு தப்பிடுச்சு. கிளி பறந்து வந்து ஒரு ஏரிக்கரைல குந்திகிச்சு. நம்ம ஏரி மாதிரிதான். அங்க ஒரு கொய்யா மரம் கீது."

கதையில் வரும் அந்தத் தேசத்தில் இதுவரை பவழ மரமும் பொன் மரமும்தான். கொய்யா ஒரு வாரம்கூட முளைத்ததில்லை.

"தின்னுச்சா?"

"வயிறு முட்ட தின்னுச்சுக்கா."

"பழமாவா?"

ரத்னா திறக்காத ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "செங்காயா."

கோவிந்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆனால் ரத்னாவின் கையைக் கம்பெனி வாசல் வரைக்கும் விடவில்லை.

சாயங்காலம் தாள்களை பைண்டரிடம் கொடுக்க ரத்னாவோடு ஸ்ரீபெரும்புதூரில் இறங்கினாள். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் அதே பத்திரிகை கயிற்றில் தொங்கியது. புரட்டிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். ரத்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோவிந்தம்மா அதைத் தாண்டிப் போய்க் கொய்யா வண்டியருகே நின்றாள்.

"செங்காயா ஒண்ணு குடுங்க."

வண்டிக்காரர் பார்த்து எடுத்து நாலாகக் கீறினார். "உப்பு மொளகா வெக்கட்டாம்மா?"

"உப்பு மட்டும் வைங்க" என்றாள் கோவிந்தம்மா. "அவனுக்குக் காரம் ஆவாது."